டெல்டாவிலிருந்து ஆழ்வானப் படம்: டிராக்கரா, ஸ்மார்ட் தொலைநோக்கியா, பெரிய மவுண்டா?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் இருந்துகொண்டு நெபுலா எனும் வாயு, தூசி மேகங்களையும் விண்மீன் கொத்துகளையும் கேலக்ஸிகளையும் படமெடுக்க நினைப்பவருக்கு இன்று நாலு வழி இருக்கிறது. கையில் இருக்கும் கேமராவை முக்காலியில் வைத்து எடுக்கலாம். அதே கேமராவை, வானம் சுழலும் வேகத்தில் அதைத் திருப்பும் ஸ்டார் டிராக்கரில் ஏற்றலாம். ஸீஸ்டார் போன்ற, கைபேசியில் சொன்னால் தானே இயங்கும் ஸ்மார்ட் தொலைநோக்கி வாங்கலாம். ஈக்வடோரியல் மவுண்ட் (துருவத்தை நோக்கிய அச்சில் சுற்றும் தாங்கி), சிறிய ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), சென்சாரைக் குளிரூட்டும் கேமரா, கைடிங் (ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து நகர்வை உடனுக்குடன் திருத்துவது) என்று முழு ஏற்பாட்டிலும் இறங்கலாம்.

எதை வாங்குவது என்று இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஆலோசனையில் பெரும்பகுதி 35 முதல் 50 டிகிரி வட அட்சரேகையில் வாழ்பவர்களுக்காக எழுதப்பட்டது. காவிரி டெல்டா 11 டிகிரியை ஒட்டி இருக்கிறது. கடலோரச் சமவெளி, ஈரக் காற்று, தாழ்ந்த துருவ நட்சத்திரம், வருஷத்தில் சில மாதங்களுக்கு மட்டுமே திறக்கும் வானம். இந்த நாலையும் கணக்கில் எடுத்தால் விடை மாறிவிடுகிறது. எங்கள் முடிவு இது: கேமரா ஏற்கெனவே வைத்திருப்பவர் டிராக்கர் வாங்கட்டும். கேமரா இல்லாதவர், ஊருக்குள் மொட்டைமாடியை விட்டால் வேறு இடம் இல்லாதவர் ஸ்மார்ட் தொலைநோக்கிக்குப் போகட்டும். பெரிய மவுண்டை, அதை நிரந்தரமாக நட்டுவைக்க ஓர் இடம் கிடைத்த பிறகு வாங்கினால் போதும்.

வானம் எப்போது திறக்கிறது

ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்குப் போய்விடும். மார்கழியில் மழை குறைந்தாலும் பனி கொட்டும். ஆனியிலிருந்து புரட்டாசி வரை மாலை இடிமேகமும் உயர மேகமும் மாறிமாறி வரும். நம்பி இறங்கக்கூடிய காலம் தை, மாசி, பங்குனி. சித்திரை பாதிக்குப் பாதி. இந்த மாதங்களில் ஒவ்வோர் அமாவாசையையும் ஒட்டிய பத்துப் பன்னிரண்டு இரவுகள்தான் உண்மையான மூலதனம். அந்த இரவுகளில் அரை மணி நேரத்தில் படம் எடுக்கத் தொடங்கும் கருவிக்கும், இரண்டு மணி நேரம் பூட்டிச் சரிசெய்ய வேண்டிய கருவிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. நள்ளிரவு தாண்டினால் வயல்மட்டத்தில் மூடுபனி எழும்பி, தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும்போதே படம் கெட்டுப்போவது தை மாதத்தில் சாதாரணம்.

இழப்புக்கு ஈடாகத் தெற்கு வானம் கிடைக்கிறது. இங்கே ஒமேகா சென்டாரி என்ற கோள வடிவ விண்மீன் கொத்து, அதாவது என்ஜிசி 5139, உச்சிக்கோட்டை (தலைக்கு மேலாக வடக்கு தெற்காகப் போகும் கோடு) கடக்கும்போது கிட்டத்தட்ட 32 டிகிரி உயரத்தில் நிற்கிறது. கரீனா நெபுலா 19 டிகிரிக்கு மேல் வருகிறது. தனுசில் உள்ள லகூன் நெபுலா 55 டிகிரி ஏறுகிறது. ரோஸெட் நெபுலா ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே போகிறது. ஐரோப்பாவில் இருப்பவருக்குக் கரீனா அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. வாணியம்பாடிப் பக்கம் காவலூர் வானாய்வகத்தில் பெரிய தொலைநோக்கியை நிறுவியதற்கு, இரண்டு அரைக்கோளத்தின் வானமும் அங்கிருந்து எட்டும் என்பது ஒரு முக்கியக் காரணம். டெல்டா அதைவிட இன்னும் தெற்கே இருக்கிறது. மலையில்லாத சமதரை என்பதால் அடிவானம் வரை தடையில்லை.

எது எப்போது என்பதில் தவறவிடக் கூடாத ஒன்று: கரீனா மார்ச் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டி உச்சிக்கோட்டைக் கடக்கிறது, ஒமேகா சென்டாரி ஏப்ரல் நடுவில். தனுசுப் பகுதி நள்ளிரவில் உச்சிக்கு வருவது ஜூனில், அப்போது இங்கே மேகம். அதனால் லகூன், டிரிஃபிட் நெபுலாக்களையும் விருச்சிகம் பக்கத்து ரோ ஒஃபியூகி மேகத்தையும் மார்ச், ஏப்ரல் மாத விடியற்காலை மூன்று மணி முதல் ஐந்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் எழுந்து போய் எடுக்கத் தோதான கருவியா என்பதும் ஒப்பீட்டில் சேர்கிறது.

இடத்தைப் பொறுத்தவரை, திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் தெற்கே போனால் தெற்கு அடிவானத்தில் கடல்தான். வேதாரண்யம் பக்கம் தெற்கு நோக்கினால் பாக் நீரிணை. கரீனாவுக்கும் தென்சிலுவைக்கும் இதைவிட நல்ல திசை டெல்டாவில் இல்லை. கோடியக்கரை சரணாலயத்துக்குள் இரவில் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது, அதற்குத் தேவையும் இல்லை. கும்பகோணம், தஞ்சாவூர் நகரத்துக்குள் இருப்பவருக்கு வானம் ஒரு மேக்னிட்யூட் (வெளிச்சத்தை அளக்கும் படி) கூடுதல் வெளிச்சமாக இருந்தால், அதே தரமுள்ள படத்துக்கு ஏறக்குறைய 2.5 மடங்கு நேரம் எடுக்க வேண்டும். இரண்டு மேக்னிட்யூட் என்றால் ஆறு மடங்குக்கு மேல். முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போக முடிகிற கருவி, வீட்டில் கிடக்கும் விலை உயர்ந்த கருவியை வெல்வது இந்தக் கணக்கினால்தான்.

முக்காலி மட்டும்

செலவில்லாத வழி. ஆனால் எல்லை உடனே வந்துவிடும். வான நடுக்கோட்டில் உள்ள நட்சத்திரம் ஒரு நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் நகர்கிறது (ஒரு டிகிரிக்கு 60 ஆர்க்மினிட், ஒரு ஆர்க்மினிட்டுக்கு 60 ஆர்க்செகண்ட்). 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (பெரும்பாலான டிஎஸ்எல்ஆர்களில் உள்ள சென்சார் அளவு) கேமராவின் பிக்சல் சுமார் 3.7 மைக்ரான். 50 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் என்பது சுமார் 15 ஆர்க்செகண்ட். ஆக நொடிக்கு ஒரு பிக்சல் ஓடுகிறது. மூன்று நொடிக்கு மேல் போனால் நட்சத்திரம் கோடாகும். 135 மி.மீ. லென்ஸில் நொடிக்கு இரண்டரைப் பிக்சலுக்கு மேல். அங்கே ஒரு நொடிக்கே இடமில்லை.

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை எஃப் 2.8-க்குக் குறைத்து, ஐஎஸ்ஓ 1600-ல், மூன்று நொடிப் படங்கள் நானூறு எடுத்து, மென்பொருளில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் மொத்தம் இருபது நிமிடம். ஓரியன் நெபுலாவும் மிருகசீரிடப் பகுதியும் நிறத்தோடு வரும். கரீனா பக்கம் நட்சத்திரங்கள் பாதி வேகத்தில் நகர்வதால் ஆறு நொடி வரை போகலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேமராவைக் கையால் திருப்பி மறுபடி நடுவில் கொண்டுவர வேண்டியிருக்கும். அடுக்குதல், நிறம் சரிசெய்தல் எல்லாவற்றையும் காசு போடாமல் பழக இது நல்ல பள்ளிக்கூடம். ஒரு பருவம் இதில் கழித்துவிட்டு அடுத்த கருவி வாங்குபவர் தவறான பொருளை வாங்குவது குறைவு.

டிராக்கர்

ஸ்கை-வாட்சர் ஸ்டார் அட்வென்சரர் 2ஐ, அதன் ஜிடிஐ வடிவம், ஐஆப்ட்ரான் ஸ்கைகைடர் புரோ ஆகியவை இந்த வகை. சுமார் 5 கிலோ வரை தாங்கும். முக்காலி, பேட்டரி, லென்ஸ் எல்லாம் சேர்த்து பைக்கில் ஏற்றிப் போகலாம். 2ஐ நாலு ஏஏ பேட்டரியிலோ ஐந்து வோல்ட் பவர்பேங்கிலோ ஓடும். ஜிடிஐ-க்கு 12 வோல்ட் வேண்டும், ஆனால் அதுவே பொருளைத் தேடிப் போய் நிற்கும், கைடிங்கையும் இரண்டு அச்சிலும் ஏற்கும். இரண்டில் எது என்றால், விலை வித்தியாசம் பெரிதாகத் தெரியாதவர் ஜிடிஐ வாங்கட்டும். பார்வையில் படாத மங்கலான பொருளைத் தேடுவதில் போகும் அரை மணி நேரம் இங்கே விலை அதிகம்.

லென்ஸுக்கு 135 மி.மீ. மிகவும் பொருத்தம். ஏபிஎஸ்-சி கேமராவில் 9 டிகிரிக்கு 6 டிகிரி பரப்பு கிடைக்கிறது. ஓரியனின் இடைப்பட்டையும் குதிரைத்தலை நெபுலாவும் எம்42-ம் (ஓரியன் நெபுலா) ஒரே சட்டத்தில் வரும். கேட்டை நட்சத்திரத்தோடு ரோ ஒஃபியூகி முழுதாக வரும். ஒமேகா சென்டாரி மட்டும் சிறியதாக, குறுக்களவில் 380 பிக்சல் அளவுக்கு நிற்கும். எஃப் 2 லென்ஸ் என்றாலும் எஃப் 2.8-ல் வையுங்கள், மூலை நட்சத்திரங்கள் சிறகு முளைப்பது நிற்கும். 90 முதல் 120 நொடி எடுக்கலாம். 250 மி.மீ. லென்ஸுக்குத் தாவினால் டிராக்கரின் புழுச்சக்கரப் பிழை, அதாவது உள்ளே உள்ள வார்ம் கியரால் வரும் வேக ஏற்றஇறக்கம், வெளியே வரும். 2ஐ-யில் அந்தச் சக்கரம் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. சுற்றின் சில பகுதிகளில் நட்சத்திரம் நீளும், சிலவற்றில் நீளாது. அதனால் நேரத்தை 30 முதல் 45 நொடிக்குக் குறைத்து, கெட்டதை வடிகட்டிவிட வேண்டும்.

இங்கே அச்சுச் சீரமைப்புதான், அதாவது டிராக்கரின் அச்சை வான துருவத்தை நோக்கி வைப்பதுதான், கவனம் கேட்பது. துருவ நட்சத்திரம் 11 டிகிரி உயரத்தில், வடக்கே உள்ள தென்னந்தோப்புக்கும் ஊர் வெளிச்சத்துக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். தெரிந்தாலும் அந்த உயரத்தில் வளிமண்டல ஒளிவிலகல் அதைச் சுமார் 5 ஆர்க்மினிட் தூக்கிக் காட்டுகிறது. 5 ஆர்க்மினிட் அச்சுப் பிழை நிமிடத்துக்கு அதிகபட்சம் 1.3 ஆர்க்செகண்ட் நழுவலைத் தரும். 135 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் 5.7 ஆர்க்செகண்ட் என்பதால் இரண்டு நிமிடத்தில் அரைப் பிக்சல்கூட ஆகாது. ஆக டிராக்கர்காரர் போலார் ஸ்கோப்பில் (அச்சோடு பொருத்திய சிறு குழாய்) துருவ நட்சத்திரத்தை வைத்தால் போதும். அது தெரியாத இடத்தில் ஜிடிஐ-யை மடிக்கணினியோடு இணைத்து, நினா மென்பொருளின் மூன்று புள்ளிச் சீரமைப்பைப் பயன்படுத்தலாம். வானத்தின் எந்தப் பகுதியிலிருந்தும் அது வேலை செய்யும்.

முக்காலி வைக்கும் முறையும் இங்கே வேறு. 11 டிகிரியில் டிராக்கரின் அச்சு கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும். எதிர்எடைத் தண்டு கீழே தொங்கி, சுற்றும்போது வடக்கு நோக்கிய காலில் இடிக்கும். வழக்கமாக ஒரு காலை வடக்கே வைக்கச் சொல்வார்கள். டெல்டாவில் ஒரு காலைத் தெற்கே வைத்து, இரண்டு கால்களின் இடைவெளியை வடக்குப் பக்கம் விடுங்கள்.

நிற்கும் தரை இன்னொரு விஷயம். வரப்பில் வைத்தால் வண்டல் மண் ஒரு மணி நேரத்தில் ஒரு காலை உள்வாங்கி, சீரமைப்பு போய்விடும். கதிரடிக்கும் சிமெண்ட் களம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. கிடைக்காவிட்டால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு செங்கல்லோ சதுர ஒட்டுப்பலகையோ போடுங்கள். மொட்டைமாடி தளம் இரவு பத்து மணி வரை பகல் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். அதற்குப் பின் எடுப்பது நல்லது, யாரும் நடக்காமலும் இருக்க வேண்டும். சம்பாப் பயிர் நிற்கும் மாதங்களில் வெள்ளை விளக்கு போட்டால் புகையானும் தத்துப்பூச்சியும் திரை முழுக்கவும் லென்ஸ் முகப்பிலும் அப்பிக்கொள்ளும். சிவப்பு விளக்கு, அதுவும் மங்கலாக. நடக்கும்போது மட்டும் நல்ல டார்ச்சும் கணுக்காலை மூடும் பூட்ஸும் கட்டாயம், கட்டுவிரியன் உலவும் நிலம் இது. தை மாதத்தில் இரவில் அறுவடை இயந்திரம் ஓடுமா என்று அந்த ஊரில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அதன் விளக்கைவிட அது கிளப்பும் தூசி அதிகக் கெடுதல்.

பனி

இதைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் கெடும் படங்களில் முக்கால்வாசி இதனால்தான் கெடுகிறது. சூரியன் மறைந்து இரண்டு மணி நேரத்தில் காற்றின் வெப்பமும் பனிநிலை வெப்பமும் ஒன்றிரண்டு டிகிரி இடைவெளிக்குள் வந்துவிடும். லென்ஸ் கண்ணாடி வானத்தைப் பார்த்து நிற்பதால் காற்றைவிடவும் குளிர்ந்து, நீர் கோத்துக்கொள்ளும். முதல் அறிகுறி நட்சத்திரத்தைச் சுற்றி ஒளிவட்டம். படம் மங்கலாகிவிட்டது என்று கண்டுபிடிக்கும்போது இருபது படம் போயிருக்கும். லென்ஸின் முன்விளிம்பில் யுஎஸ்பி சூடேற்றுப் பட்டை சுற்றி, ஐந்து வாட் அளவில் தொடக்கத்திலிருந்தே ஓடவிடுங்கள். நீர் கோத்த பிறகு சூடேற்றினால் காய அரை மணி ஆகும். துடைத்தால் கறை மிஞ்சும். சூடு அதிகம் வைத்தால் குவியம் நகரும், அதனால் பட்டை போட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துக் குவியம் பாருங்கள். குவியம் சரியா என்று காட்டும் பாஹ்டினோவ் முகமூடி எந்த லென்ஸுக்கும் கிடைக்கிறது.

ஸ்மார்ட் தொலைநோக்கி

ஸீஸ்டார் எஸ்50-ல் 50 மி.மீ. முகப்பு, 250 மி.மீ. குவியத்தூரம், ஐஎம்எக்ஸ்462 சென்சார். படம் 1920-க்கு 1080 பிக்சல், வானத்தில் 1.3 டிகிரிக்கு 0.7 டிகிரி. சிறிய எஸ்30-ல் 150 மி.மீ. குவியத்தூரம், பரப்பு 2.1-க்கு 1.2 டிகிரி. எஸ்50-ல் உள்ளேயே இரட்டை நுண்பட்டை வடிகட்டியும் (வாயு நெபுலாக்களின் ஒளியை மட்டும் விடுவது) பனிச் சூடேற்றியும் இருக்கின்றன. எடை இரண்டரைக் கிலோ. வைத்து, கைபேசியில் பெயரைத் தட்டினால் பத்து நிமிடத்தில் படம் சேரத் தொடங்கும். ஒரு ஈக்வடோரியல் மவுண்டின் விலைக்குள்ளேயே முழு ஏற்பாடும் வந்துவிடும்.

மேகத்துக்கு இடையே ஒன்றரை மணி நேரம் வானம் தெரிகிற மாதங்களில் இதற்கு இணை எதுவும் இல்லை. நகர மொட்டைமாடியில் ஹைமாஸ்ட் விளக்கின் கீழே நின்றும் ரோஸெட், கரீனா, லகூன் போன்ற வாயு நெபுலாக்களை வடிகட்டியின் உதவியால் எடுக்கலாம். கேலக்ஸிகளுக்கும் விண்மீன் கொத்துகளுக்கும் அந்த வடிகட்டி உதவாது, செயலியில் அதை விலக்கிவிட்டு இருட்டுக்குத்தான் போக வேண்டும். தெருவிளக்கெல்லாம் எல்இடி ஆனபின் பழைய வகை ஒளிமாசு வடிகட்டிகளாலும் இங்கே பெரிய பலனில்லை.

குறை எங்கே? இது மேல்-கீழ், இட-வலம் என்று திரும்பும் கருவி, அதனால் சட்டம் வானத்தோடு ஒப்பிடும்போது சுழலும். வெளிப்பாட்டு நேரம் 10, 20, 30 நொடி. ஒமேகா சென்டாரி உச்சிக்கோட்டில் இருக்கும்போது சுழற்சி மணிக்கு 17 டிகிரி. பத்து நொடியில் மூலையில் ஒரு பிக்சல், அது பரவாயில்லை. முப்பது நொடியில் கிட்டத்தட்ட மூன்று பிக்சல். எம்42 இங்கே 74 டிகிரி உயரத்தில் உச்சிக்கோட்டைக் கடக்கும்போது சுழற்சி மணிக்கு 50 டிகிரியைத் தாண்டும், பத்து நொடியிலேயே மூலை நட்சத்திரங்கள் வளையும். ஆனால் நம் அட்சரேகைக்கு ஒரு சலுகை உண்டு: நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் சுழற்சி பூஜ்யம், ஓரியன் இங்கே ஏறக்குறைய நெட்டுக்குத்தாகக் கிழக்கில் ஏறுகிறது. ஆக எம்42, ரோஸெட் இரண்டையும் கிழக்கில் 30 முதல் 60 டிகிரி உயரத்துக்குள் எடுத்துவிட்டு, உச்சியில் இருக்கும் ஒரு மணி நேரத்தை வேறு பொருளுக்குக் கொடுங்கள்.

பின்னர் வந்த மென்பொருளில் ஈக்வடோரியல் முறையும் சேர்ந்தது. ஐரோப்பியர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். இங்கே கருவியை 79 டிகிரி சாய்க்க வேண்டும், அதாவது கிட்டத்தட்டப் படுக்கவைக்க வேண்டும். கூடவே வரும் சிறிய முக்காலியில் எடை வெளியே தொங்கிக் கவிழும். கனமான முக்காலியும் உறுதியான சாய்வுத் தலையும் வாங்காமல் அதில் இறங்காதீர்கள்.

இரண்டு மெகாபிக்சல் படம் கைபேசியில் அழகாகத் தெரியும். ஏ4 அளவில் 300 டிபிஐ அச்சுக்கு 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும், அதில் பாதிகூட ஒரு சட்டத்தில் இல்லை. ஆண்ட்ரோமீடா கேலக்ஸி மூன்று டிகிரி நீளம், மொசைக் முறையில்தான் அடங்கும். வாங்கிய அன்றே அமைப்புகளில் ஒவ்வொரு தனிப்படத்தையும் சேமிக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். செயலி அடுக்கித் தரும் ஜேபெக் மட்டும் இருந்தால் பின்னால் திருத்த எதுவும் மிஞ்சாது.

பெரிய மவுண்ட்

தரத்தில் இதுவே முதல். 400 மி.மீ. குவியத்தூர ரிஃப்ராக்டரும் 3.76 மைக்ரான் பிக்சல் கொண்ட ஐஎம்எக்ஸ்533 அல்லது ஐஎம்எக்ஸ்571 கேமராவும் சேர்ந்தால் பிக்சலுக்கு 1.9 ஆர்க்செகண்ட். கைடிங்குக்கான பிஹெச்டி2 மென்பொருளில் பிழை ஒரு ஆர்க்செகண்டுக்குள் இருந்தால் மூன்று, ஐந்து நிமிடப் படங்கள் நட்சத்திரம் உருண்டையாக வரும்.

குளிரூட்டல் இங்கே ஆடம்பரம் இல்லை. சென்சாரின் இருள்மின்னோட்டம் (வெளிச்சம் இல்லாமலே வெப்பத்தால் எழும் இரைச்சல்) ஏறக்குறைய ஆறு டிகிரிக்கு ஒரு முறை இரட்டிக்கிறது. டெல்டாவின் மாசி இரவில் சாதாரண டிஎஸ்எல்ஆர் சென்சார் 30 டிகிரியைத் தாண்டி நிற்கும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் 32-ல் ஒரு பங்காகக் குறையும். ஆனால் இந்தக் கேமராக்கள் சுற்றுவெப்பத்துக்குக் கீழே சுமார் 35 டிகிரி வரைதான் இறங்கும். ஐரோப்பாவில் சொல்வதுபோல் மைனஸ் 20 வைத்தால் குளிரூட்டி நூறு விழுக்காடு ஓடியும் எட்டாது, வெப்பம் ஏறியிறங்கி, இந்த இரைச்சலைக் கழிக்க முகப்பை மூடி எடுக்கும் டார்க் படங்கள் பொருந்தாமல் போகும். தை, மாசிக்கு மைனஸ் 5, பங்குனிக்குப் பிறகு 0 என்று நிலைப்படுத்தி, இரண்டுக்கும் டார்க் தொகுப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் மாத்திரைகள் தீர்ந்தால் சென்சார் கண்ணாடியில் நடுவில் மங்கல் வட்டம் வரும். அவற்றை எடுத்து உலர்த்திப் போடலாம்.

சிக்கல் எடையிலும் மின்சாரத்திலும். இகியூ6-ஆர் மவுண்டின் தலை மட்டும் 17 கிலோவுக்கு மேல், முக்காலி 7.5, எதிர்எடைகள் 10. பைக்கில் ஆகாது. மவுண்ட், குளிரூட்டி, சூடேற்றிகள், சிறு கணினி எல்லாம் சேர்ந்து 12 வோல்ட்டில் ஐந்து ஆறு ஆம்பியர் இழுக்கும். ஆறு மணி நேரத்துக்கு 36 ஆம்பியர்-மணி. 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி வேண்டும். கார் பேட்டரியில் பாதிக்கு மேல் இழுத்தால் அது சீக்கிரம் செத்துவிடும். 11 டிகிரியில் பல மவுண்டுகள் தங்கள் உயரத் திருகின் கீழ் எல்லையை ஒட்டி நிற்கும். இகியூ6-ஆர் 10 டிகிரி வரைதான் இறங்கும். எதிர்எடை முக்காலிக் காலில் மோதாமல் இருக்க நீட்டுத்தூண் தனியே வாங்க வேண்டும். எதிர்எடை இல்லாத ஹார்மானிக் (வேறு வகைப் பல்சக்கரம் கொண்ட) மவுண்டுகள் இலேசானவை, ஆனால் இந்த அட்சரேகையில் எடை முழுக்க ஒரு பக்கம் தொங்குவதால் முக்காலியின் கால்களுக்கு நடுவே பை நிறைய மணல் கட்டித் தொங்கவிடாமல் நம்பக் கூடாது.

டெல்டாவின் சில பத்து நல்ல இரவுகளில் இதைத் தூக்கிப்போய்ப் பூட்டி அவிழ்ப்பவர் இரண்டாவது பருவத்தில் களைத்துவிடுகிறார். வயலோர வீட்டில் கான்கிரீட் தூண் போட்டு, மேலே தள்ளும் தகரக் கூரை வைக்க முடிந்தவருக்கு இதே கருவி வேறு பலன் தரும்.

படத்தைப் பண்படுத்துதல்

எந்தக் கருவியானாலும் பாதி வேலை இங்கேதான். இங்கும் தேர்வு உண்டு: ஸ்மார்ட் கருவியின் செயலியே தருவது, இலவச சிரில் (அடுக்குவது)-கிராக்ஸ்பெர்ட் (பின்னணிச் சாய்வு நீக்குவது)-ஸ்டார்நெட் (நட்சத்திரங்களைப் பிரிப்பது) கூட்டணி, கட்டண பிக்ஸ்இன்சைட். முதல் இரண்டு வருஷத்துக்கு சிரில் போதும் என்று தயங்காமல் சொல்வோம். பிக்ஸ்இன்சைட்டின் பலம் நுண்பட்டைப் படங்களைத் தனித்தனி வண்ண அலைவரிசையாகக் கையாள்வதில் தெரியும். வண்ணக் கேமராவில் ஒரு பருவத்தில் நாலைந்து பொருள் எடுப்பவருக்கு அந்தப் பணம் சூடேற்றுப் பட்டைக்கும் உலர்பெட்டிக்கும் போகட்டும்.

கணினியில் வேண்டியது வேகமான செயலியைவிட இடம். 24 மெகாபிக்சல் படம் ஒன்று நிறம் பிரித்தால் 16 பிட்டில் 144 எம்பி. நூறு படம் என்றால் ஒரு கட்டத்துக்கு 14 ஜிபிக்கு மேல், மூன்று நாலு கட்டம் போகும். 60 ஜிபி காலியாக உள்ள எஸ்எஸ்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அளவீட்டுப் படங்களில் சோம்பல் கூடாது. குளிரூட்டாத கேமராவுக்கு டார்க் படங்களை அதே இரவில், அதே நேர அளவில், முகப்பை மூடி இருபது எடுங்கள். டிஎஸ்எல்ஆரின் பார்வைத்துளையையும் மூடுங்கள். வீட்டில் குளிரறையில் எடுத்த டார்க் பொருந்தாது. மூலை மங்கலையும் தூசிப் புள்ளிகளையும் திருத்தும் ஃப்ளாட் படத்துக்கு வெள்ளை வேட்டியை இரண்டு மடிப்பாக முகப்பில் இழுத்துக் கட்டி, விடியல் வானத்தை நோக்கி, கேமராவின் வெளிச்ச வரைபடத்தில் (ஹிஸ்டோகிராம்) முகடு நடுவில் நிற்கும்படி முப்பது எடுங்கள். குவியத்தையோ கேமராவின் திருப்பத்தையோ அதற்கு முன் தொட்டால் தூசிப் புள்ளிகள் இரட்டையாகத் தெரியும். பனி கோத்த லென்ஸில் எடுத்த ஃப்ளாட் படத்தைக் கெடுக்கும், காயவைத்துவிட்டு எடுங்கள். முகப்பை மூடி மிகக் குறைந்த நேரத்தில் எடுக்கும் பயஸ் படம் ஐம்பது. இதை விட்டுவிட்டால் ஃப்ளாட் போதிய அளவு திருத்தாமல், மூலைகள் நடுவைவிட இருட்டாகவே நிற்கும்.

எடுக்கும்போதே மூன்று நாலு படத்துக்கு ஒரு முறை சட்டத்தைப் பத்துப் பிக்சலுக்கு மேல் நகர்த்துங்கள். இது டிதரிங். வெப்பமான சென்சாரில் இது டார்க் படத்தைவிட முக்கியம். செய்யாவிட்டால் அடுக்கிய படத்தில் சாய்வாக மழைக்கோடுபோல் இரைச்சல் ஓடும், அதைப் பிறகு எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது. கைடிங் இணைக்காத 2ஐ-யில் கையால் சிறிது நகர்த்தினாலே போதும்.

சிரிலில் பயஸ், ஃப்ளாட், டார்க், வானப்படம் என நாலு அடைவில் போட்டு, வண்ணக் கேமராவுக்கான முன்செயலாக்க நிரலை ஓட்டினால் அடுக்கிய படம் வரும். முதலில் ஓரங்களை வெட்டுங்கள். அடுத்துப் பின்னணிச் சாய்வு நீக்கம் (ஊர் வெளிச்சத்தால் ஒரு பக்கம் மட்டும் கூடும் ஒளியை எடுப்பது), அதன்பிறகுதான் நிறச் சமன். வரிசை மாறினால் கும்பகோணம் பக்கத்து மஞ்சள் ஒளியை மென்பொருள் நட்சத்திர நிறமாக எடுத்துக்கொள்ளும். சட்டம் முழுக்க நெபுலா நிரம்பிய ரோ ஒஃபியூகி போன்ற படத்தில் கிராக்ஸ்பெர்ட்டை ஓட்டினால் மங்கலான தூசியையும் சாய்வு என்று நினைத்து அழித்துவிடும். அங்கே அடுக்கும் முன் ஒவ்வொரு தனிப்படத்துக்கும் முதல் படிப் பல்லுறுப்புக்கோவையால் சாய்வு நீக்குவது பாதுகாப்பு. பிறகு பச்சை நீக்கம், ஸ்டார்நெட்டால் நட்சத்திரங்களைப் பிரித்தல், நெபுலாவைத் தனியாக ஹைபர்பாலிக் முறையில் மெதுவாக நீட்டுதல், கடைசியில் நட்சத்திரங்களைத் திரும்பச் சேர்த்தல். எம்42-க்கு ஐந்து நொடிப் படங்கள் இருபது தனியே எடுத்து நடுப்பகுதிக்குப் பயன்படுத்தாவிட்டால் நடுவில் உள்ள டிரபீசியம் நட்சத்திரக் கூட்டம் வெள்ளைத் திட்டாக எரிந்துவிடும். வானப் பின்னணியை முழுக்கருப்பாக அழுத்த வேண்டாம், எட்டு பிட் அளவில் 25 முதல் 30 வரை நிற்கட்டும். செயற்கை நுண்ணறிவு இரைச்சல் நீக்கத்தைப் பாதி அளவில் நிறுத்துங்கள். மேலே போனால் நெபுலாவின் இழைகள் மெழுகாகிவிடும். இரண்டு மணி நேரம் கூடுதலாக எடுத்த படம் எந்த நீக்கியையும்விடச் சுத்தமாக இருக்கும். நேரம் நாலு மடங்கானால் இரைச்சல் பாதியாகும்.

டிராக்கரைத் தேர்ந்தவர் அடுத்த பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், முதலில் ஈரமானியோடு கூடிய உலர்பெட்டி, 40 முதல் 50 விழுக்காடு ஈரத்தில். டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகையில் பையில் பூட்டிக் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்க ஒரு பருவம் போதும். காற்றில் உப்பு உள்ள வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போய் வந்தால் மவுண்டின் திருகுகளையும் இணைப்பிகளையும் அன்றே துடைத்து வையுங்கள். இரண்டாவதாக, கேமராவின் உள்வடிகட்டியை மாற்றுவது. சாதாரண டிஎஸ்எல்ஆர் 656 நானோமீட்டர் ஹைட்ரஜன் சிவப்பில் சிறு பகுதியையே விடுகிறது. ரோஸெட்டும் குதிரைத்தலையும் மங்கலாக வருவது அதனால்தான். பழைய கேமரா ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி அதை மாற்றுங்கள், வீட்டு விசேஷங்களுக்குப் படம் எடுக்கும் கேமராவில் கை வைக்க வேண்டாம்.